கழுத்தில் கட்டும் ஐஸ் துண்டுக்கு 1,450 ரூபாயா? போடிமெட்டு ரோட்டில் உச்சி வெயில் ஓட்டம்

வணக்கம் மக்களே. மூச்சு வாங்குவது கேட்கிறதா? தேனி மாவட்டத்தில் மலையடிவார முந்தலில் இருந்து ஏறி வந்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நிற்கிறேன். மணி 12:40. போன் 38 டிகிரி காட்டுகிறது. ஆமாம், விடியற்காலை நாலரைக்கு இருட்டில் தலை விளக்கோடு ஓடுகிற அதே அக்காதான். ஏன் இந்த நேரம் என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் என் கழுத்தைப் பாருங்கள்.

இது ஈரோட்டுத் துண்டு, 70 ரூபாய். நீளவாக்கில் மடித்துக் குழாய் மாதிரி தைத்து, நடுவில் ஐஸ் போட ஒரு வாய் விட்டிருக்கிறது. தையல் கூலி 40. மொத்தம் 110. வெயிலில் ஓடும்போது கழுத்தைக் குளிர்விக்க இதே மாதிரி ஒன்றைத்தான் நான் போன வாரம் ஆன்லைனில் 1,450 ரூபாய் கொடுத்து, கூரியருக்குத் தனியாக 90 ரூபாய் அழுது வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் ஒரு மெல்லிய துணி, ஒரு ஜிப், ஒரு எலாஸ்டிக். இரண்டாம் நாளே ஜிப் பல்லைக் காட்டிவிட்டது. திருப்பி எடுங்கள் என்று எழுதினால், பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பயன்படுத்தாமல் ஜிப் பிய்ந்ததை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கோபத்தில்தான் தையல்காரரிடம் போனேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கழுத்துக்குப் பையா? பணம் வைக்கவாம்மா?" என்று கேட்டார். ஐஸ் என்றதும் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தையல் நூல் பிடித்தமாதிரி நேர். 1,430 ரூபாய் மிச்சம்! இல்லை, மிச்சம் எங்கே, இரண்டையும் வாங்கித் தொலைத்துவிட்டேனே.

இந்த யோசனை என்னுடையது அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஜூன் கடைசியில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்று ஒரு மலை ஓட்டம் நடக்கும், ஏறக்குறைய 161 கிலோமீட்டர். பள்ளத்தாக்குகளில் இறங்கினால் அடுப்புக்குள் இறங்கிய மாதிரி. அங்கே ஓடுகிறவர்கள் கழுத்திலும் தொப்பிக்குள்ளும் ஐஸை நிரப்பிக்கொண்டுதான் நகர்வார்கள். அது முதலில் குதிரைப் போட்டி. கோர்டி ஐன்ஸ்லி என்ற ஆள், 1973ல் குதிரை நொண்டியதால் பாதியில் நின்றுபோனவர், 1974ல் குதிரையே இல்லாமல் தன் காலால் ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். எனக்குப் பிடித்த மனிதர். ஜிப் பிய்ந்ததற்கே நான் இரண்டு நாள் புலம்பினேன்.

சரி, ஏன் உச்சி வெயில்? போன வருடம் நான் பாதியில் விட்ட 50 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஞாபகம் இருக்கும். பழைய பார்வையாளர்கள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். ஆறு மாதமும் குளிர்ந்த விடியலில் பழகிவிட்டு, போட்டியன்று பதினொரு மணி வெயிலில் போய் மாட்டினேன். தாகம் என்று வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தேன். 38வது கிலோமீட்டரில் விரல் வீங்கி மோதிரம் நகரவில்லை, வாந்தி, தலை சுற்றல். ரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது, இன்னும் தண்ணீர் குடித்திருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். தண்ணீர் குறைந்தாலும் வம்பு, வெறும் தண்ணீர் கூடினாலும் வம்பு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் போதும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும், அதே வேகத்துக்கு நாடித் துடிப்பு இறங்கும். முதல் நாள் இந்த ஏற்றத்தில் 172 துடித்தது, இன்று ஒன்பதாம் நாள், 158. விட்டுவிட்டால் சில வாரத்தில் எல்லாம் போய்விடும். அதனால் போட்டிக்கு நெருக்கத்தில்தான் செய்கிறேன்.

இதில் ஒரு கூத்து. முதல் நாள் ஆர்வக்கோளாறில் பதினேழு வளைவும் ஏறி மேலே கேரள எல்லையில் இருக்கிற போடிமெட்டுக்கே போய்விட்டேன். மேலே ஆயிரம் மீட்டர் உயரம் கூடுவதால் ஆறு டிகிரியாவது குறைகிறது, போதாததற்கு மூடுபனி. வெயில் பயிற்சிக்குப் போய்க் குளிரில் நடுங்கியவள் நான் ஒருத்திதான். கேரளா பக்கம் கடையில் சம்பாரம் குடித்தேன். நம் நீர்மோர்தான், ஆனால் இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போடுகிறார்கள், நம் ஊர் மோரைவிட நூறு மடங்கு மேல். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மை அதுதான். இன்னும் கொஞ்சம் உப்பு கேட்டேன். "மோளே, ஈ வெயிலத்து ஓடல்லே" என்றார் சேட்டன். அங்கே வெயிலே இல்லை! அன்றிலிருந்து முந்தலுக்கும் ஐந்தாவது வளைவுக்கும் நடுவேதான் ஏறி இறங்குகிறேன். இறக்கம் தொடையைக் கொல்கிறது, அதுவும் வேண்டியதுதான்.

பக்கத்துக் குரங்கணிக் காட்டுப்பாதையில் ஏன் ஓடவில்லை என்று கேட்கிறீர்கள். 2018 மார்ச்சில் அங்கே மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது நம் எல்லோருக்கும் தெரியும். கோடையில் நான் காட்டுக்குள் போக மாட்டேன். கேட்காதீர்கள்.

ஆ, ஐஸ் பற்றி ஒன்று விட்டுப்போனது. முதல் நாள் மீன் கடையில் ஐஸ் வாங்கினேன், பத்து ரூபாய்தான். உருகி முதுகில் ஓடியதும் நான் ஒரு நடமாடும் அயிரைக் குழம்பு. அன்றைக்குத்தான் அரைநாள் வேலை முடித்து ஏலக்காய்த் தோட்ட ஜீப் ஒன்று இறங்கி வந்தது. உள்ளேயிருந்து ஒரு பாட்டி, "ஏத்தா, யாரும் விரட்டுறாங்களா? ஏறிக்க!" என்று ஜீப்பை நிறுத்தச் சொன்னார். ஏறியிருந்தால் வண்டியே நாறியிருக்கும். இப்போது வீட்டு பிரிட்ஜ் ஐஸ்தான்.

வேர்வைக் கணக்கு. மாமாவின் ஏலக்காய்க் கடையில் மின் தராசு இரவல் வாங்கியிருக்கிறேன். ஓடும் முன் 54.2 கிலோ, இரண்டு மணி நேரம் கழித்து 52.9. நடுவில் குடித்தது 1.1 லிட்டர். ஆக 2.4 லிட்டர் வேர்வை, மணிக்கு 1.2. அத்தனையையும் குடித்து ஈடுகட்ட நினைக்கவில்லை. வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொடி, மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம், 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று, அளவு மாறாமல் கரைத்துத் தாகத்துக்குத் தக்கபடி குடிக்கிறேன். உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று பொட்டலத்தில் இருக்கிறதா பாருங்கள். சர்க்கரைத் தண்ணீரை அட்டைப் பெட்டியில் ஊற்றி ஓ.ஆர்.எஸ். என்று விற்றார்களே, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரையே போடக்கூடாது என்றது. எனக்கு அன்றைக்குத் தீபாவளி.

தனியாக வந்திருக்கிறேன் என்று திட்ட வேண்டாம். தம்பி பைக்கோடு கீழே புளியமரத்தடியில் இருக்கிறான். வெயில் என் மூளைக்கு ஏறிவிட்டதா என்று பார்க்க, அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்து தன் பெண்டாட்டி பெயரைக் கேட்பான். தப்பாகச் சொன்னால், உளறினால், உடனே குடத்துத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரி. நேற்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன், ஒரு குடமும் என் மேல்தான்.

இதோ கூப்பிடுகிறான். இல்லை, மாமா. தராசு வேண்டுமாம், கடையில் மூட்டை வந்து நிற்கிறதாம். இறங்குகிறேன்.