மைனஸ் 162 டிகிரியில் ஒரு தொட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

எண்ணூரில் காமராஜர் துறைமுகத்துக்குள் இரண்டு பிரம்மாண்டமான தொட்டிகள் நிற்கின்றன. 2019-இல் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் முனையம் அது. ஒவ்வொரு தொட்டியும் 1,80,000 கன மீட்டர் திரவ இயற்கை எரிவாயுவைக் கொள்ளும். எல்.என்.ஜி. என்கிறோமே, அதுதான். இந்தத் தொட்டிகளைப் பற்றி எங்கே பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், இது வெடிச்சா என்ன ஆகும்?"

கேட்பவர் மனதில் இருப்பது வீட்டு கேஸ் சிலிண்டர். சிலிண்டரில் எரிவாயுவை அழுத்தி அடைத்திருக்கிறோம். இங்கே அப்படி இல்லை. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்ததால் வாயு தானாகவே திரவமாகி, ஏறத்தாழ அறுநூறில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிட்டது. தொட்டிக்குள் இருக்கும் அழுத்தம் உங்கள் சைக்கிள் டியூபில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் இந்தத் துறையில் இருக்கும் நாங்கள் நெருப்புக்கு முன்னால் குளிருக்குத்தான் பயப்படுவோம்.

மாணவனாக இருந்தபோது எங்கள் ஆசிரியர் ஒரு ரப்பர் குழாயைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது. சாதாரண இரும்பின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். கடுங்குளிரில் அது வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டு உடைந்துவிடும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 1944 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை பிற்பகல். ஈஸ்ட் ஓஹயோ கேஸ் நிறுவனத்தின் உருளை வடிவ எல்.என்.ஜி. தொட்டி ஒன்று உடைந்தது. குளிரில் எஃகு நொறுங்காமல் காப்பது நிக்கல்தான். அதன் உட்சுவரோ 3.5 சதவீதம் மட்டுமே நிக்கல் கலந்த எஃகு. போர்க்காலம், நிக்கலுக்குத் தட்டுப்பாடு. கொட்டிய திரவத்தைத் தடுத்து நிறுத்தப் போதுமான கரைச்சுவரும் இல்லை. குளிர்ந்த வாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் வெண்புகையாகத் தரையோடு தவழும். தெருவில் ஓடி பாதாளச் சாக்கடைக்குள் இறங்கியது. அப்புறம் தீப்பிடித்ததும் மேன்ஹோல் மூடிகள் பறந்தன. சுமார் இருபது நிமிடத்தில், பக்கத்தில் இருந்த கோளத் தொட்டி ஒன்றின் கால்கள் வெப்பத்தில் தளர்ந்து, அதுவும் சாய்ந்தது. ஏறத்தாழ 130 பேர் இறந்தார்கள்.

இன்றைய பெரிய தொட்டிகளின் உட்சுவர் 9 சதவீத நிக்கல் எஃகு. அந்தத் தகட்டிலிருந்து விரல் அளவுத் துண்டை வெட்டி, ஒரு பக்கம் கீறல் போட்டு, மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர வைத்து, ஊசல் சுத்தியலால் ஓர் அடி அடித்துப் பார்ப்பார்கள். படக்கென்று இரண்டாகப் போனால் அந்தத் தகடு தேறாது. உட்தொட்டிக்கு வெளியே, எஃகு வடங்களை இழுத்து இறுக்கிய முன்னழுத்தக் கான்கிரீட் சுவர். உள்ளே கசிந்தால் மொத்தத் திரவத்தையும் அதுவே தாங்க வேண்டும். சுவரும் அடித்தளமும் சேரும் மூலைதான் அதில் பலவீனமான இடம் என்பதால், அங்கே மட்டும் சில மீட்டர் உயரத்துக்கு உள்பக்கம் தனியாக நிக்கல் எஃகுத் தகடு பதிப்பார்கள்.

இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு மீட்டர் அளவுக்கு இடைவெளி. அதை நிரப்புவது பெர்லைட். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பெர்லைட் ஓர் எரிமலைப் பாறை. உள்ளே கொஞ்சம் நீர் சிக்கியிருக்கும். கட்டுமான இடத்திலேயே உலை வைத்துச் சூடாக்கினால், சூட்டு மணலில் நெல் பொரிவது போலப் பொரிந்து வெள்ளையாக உப்பும். அந்தப் பொரியை ஊதி ஊதி இடைவெளியில் நிரப்புவார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். முதல் முறை குளிரும்போது, எண்பது மீட்டர் விட்டமுள்ள உட்தொட்டி பத்து சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கும். இடைவெளி அகன்றதும் பெர்லைட் கீழே இறங்கிப் படியும். பின்னால் பழுது பார்க்கத் தொட்டியைக் காலி செய்தால், எஃகு மறுபடி விரியும். இறுகிப் படிந்த பெர்லைட் வழிவிடாது, சுவரை நெரிக்கும். அதற்காகத்தான் உட்தொட்டியைச் சுற்றி கண்ணாடி இழைப் போர்வை ஒன்று. மெத்தை மாதிரி அமுங்கி எழும். தொட்டியின் வரைபடத்தில் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். முதல் குளிரூட்டலையும் அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. மேலிருந்து திரவத்தைத் தூறலாகத் தெளித்து, மணிக்குச் சில டிகிரி என்று நாள் கணக்கில் இறக்குவார்கள்.

சரி, எவ்வளவு போர்த்தினாலும் கொஞ்சம் வெப்பம் உள்ளே போகத்தானே செய்யும்? போகும். மண்பானைத் தண்ணீர் போல, கொஞ்சம் ஆவியாகி மிச்சத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். நாளொன்றுக்கு 0.05 சதவீதம் அளவு. அந்த ஆவியை விடாமல் இழுத்துப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கனமான சரக்கு அடியிலும் லேசானது மேலுமாக இரண்டு அடுக்கானால், அடி அடுக்கு வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். ஆடை மூடிய பால் மாதிரி. 1971 ஆகஸ்டில் இத்தாலியின் லா ஸ்பேசியாவில் அது பொங்கியது. கப்பலிலிருந்து ஏற்றிச் சுமார் 18 மணி நேரம் கழித்து அடுக்குகள் புரண்டு, ஏறத்தாழ 2,000 டன் ஆவி வெளியேறியது. நல்ல வேளை, தீப்பிடிக்கவில்லை. இப்போதெல்லாம் அடர்த்தி அளக்கும் கருவி ஒன்றை மேலிருந்து அடிவரை இறக்கி இறக்கிப் பார்க்கிறார்கள். வித்தியாசம் தெரிந்தால் அடியிலிருந்து எடுத்து மேலே ஊற்றிக் கலக்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. தரையோடு அமர்ந்த தொட்டிகளுக்கு அடித்தளத்தில் மின்சார ஹீட்டர் உண்டு. குளிர் மண்ணுக்குள் இறங்கினால் அங்குள்ள ஈரம் உறைந்து, உப்பி, தொட்டியையே தூக்கிவிடும். சென்னை வெயிலிலும் அந்த ஹீட்டர் தேவைப்படும் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். நான் கிண்டல் செய்கிறேன் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.