பந்தியில் பக்கத்தில் யார்?

(வடசென்னையில் ஒரு லுத்தரன் சபையின் லெந்து என்னும் தவக்கால வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போதகர் ஐயா அவர்களே, சபைச் சங்க அங்கத்தினர்களே, பெண்கள் சங்கத் தாய்மார்களே, வாலிபர்களே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

சாம்பல் புதன் கழிந்து நம்மில் இருவர் சந்தித்துக்கொண்டால், "இந்த லெந்தில் எதை விட்டிருக்கிறீர்கள்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. ஒருவர் மட்டனை விட்டிருப்பார், ஒருவர் காபியை, ஒருவர் செல்போனில் சீரியல் பார்ப்பதை. காசிமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்துகொண்டு மீனை விடுவது லேசான காரியம் இல்லை. அவர்களுக்கு என் தனி மரியாதை. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். ஆறு ஞாயிறுகளைக் கழித்துத்தான் 40. ஞாயிறு கர்த்தர் உயிர்த்தெழுந்த நாள், ஆகையால் அன்று உபவாசம் கிடையாது. சபைச் சட்டங்களில் இந்த ஒன்றை மட்டும் நம் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புரசைவாக்கம் முதல் பெரம்பூர் வரை எந்தப் பிரியாணிக் கடையிலும் நம் முகங்களைப் பார்க்கலாம்.

விட்டது என்ன என்கிற கணக்கை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சபையாகக் கூடியிருக்கும்போது கேட்க வேண்டியது வேறு: நாம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம், யாரோடு சாப்பிடாமல் நழுவுகிறோம்?

லுத்தரன்களாகிய நமக்கு லெந்து காலத்தைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. 1521-இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் விசாரிக்கப்பட்ட பிறகு, சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தார். அந்த இடைவெளியில் அவருடைய ஊரான விட்டன்பர்க்கில் சக ஊழியர் கார்ல்ஸ்டாட் முதலானவர்கள் சீர்திருத்தத்தை வேகமாக ஓட்டினார்கள். சுரூபங்களை அகற்றினார்கள், அப்பத்தை ஜனங்கள் கையில் எடுக்கச் சொன்னார்கள், விரத நாளில் எல்லோரும் பார்க்கும்படி இறைச்சியும் முட்டையும் சாப்பிட்டார்கள். ஊர் இரண்டுபட்டது. 1522 மார்ச்சில் லுத்தர் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே திரும்பி வந்தார். மார்ச் 9, லெந்தின் முதல் ஞாயிறு. அன்று தொடங்கி எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கித்தார்.

அவர் வந்து என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? இறைச்சி சாப்பிட்டது தவறு என்று சொல்லவில்லை. சாப்பிட உங்களுக்குச் சுதந்தரம் உண்டு என்றார். ஆனால், உங்களிடம் விசுவாசத்தைப் பற்றிய பேச்சு இருக்கிறது, அன்பைத்தான் காணோம் என்று முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொன்னார். பக்கத்தில் இருப்பவன் மனச்சாட்சி தடுமாறுகிறது என்று தெரிந்தும் அவன் கண்ணெதிரே கறியைக் கடித்துக் காட்டுகிற சுதந்தரம் யாருக்காக? ஒரு வாரப் பிரசங்கத்தில் ஊர் அமைதியானது. பிறகு 1529-இல் வந்த சிறிய ஞானோபதேசம் என்ற தம் உபதேச நூலிலும், திருவிருந்துக்கு முன் உபவாசம் இருப்பதை நல்ல வெளிப்புற ஒழுங்கு என்ற அளவில் ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் அதைப் பெரிதாக்காமல் நகர்ந்துவிடுகிறார். திடப்படுத்தல் வகுப்பில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பகுதிதான்.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம் நம் ஊரில் நடந்தது. அதைப் பிரசங்க பீடத்திலிருந்து நாம் அதிகம் கேட்பதில்லை.

சென்னையில் நம் வேர் பழையது. ஜெர்மன் மிஷனெரி பெப்ரிஷியஸ் 1742-இல் இங்கே வந்தார். 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தபோது பழவேற்காட்டுக்குப் போய்த் தங்கினார். அமைதி திரும்பியபின் வேப்பேரியில் ஊன்றினார். வேதத்தைத் தமிழாக்கினார், அகராதி செய்தார், ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் தந்தார். லெந்து வந்தால் அவற்றைத்தான் இழுத்து இழுத்துப் பாடுகிறோம். கடைசிக் காலத்தில் கடன் வழக்கில் சிறையில் இருந்தவர் அவர். அதை நம் நூற்றாண்டு மலர்கள் மெல்லக் கடந்துபோய்விடும்.

அந்த வேப்பேரிச் சபையில் சாதி இருந்தது. தஞ்சாவூரிலும் இருந்தது, தரங்கம்பாடியிலும் இருந்தது. ஒரே ஆலயத்துக்குள் தனித்தனி இடம். 1833-இல் ஆங்கிலிக்கன் சபையின் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உறுதியாக, உடனடியாக, நிரந்தரமாக ஒழிய வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்கவில்லை. அப்படி விலகியவர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில் வந்து சேர்ந்த இடம் எது? லுத்தரன் மிஷன். 1836-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தொடங்கி 1848-இல் லைப்சிக்குக்கு மாறிய மிஷன். 1919-இல் உருவான நம் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்ததுதான்.

1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு கூடி, எந்தச் சாதியாரோடும் உட்கார்ந்து உண்ணச் சம்மதிக்காதவரைச் சபையில் சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்தது. கவனியுங்கள், விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்கச் சொல்லவில்லை, சாப்பிடச் சொன்னார்கள். மற்றப் புராட்டஸ்டன்ட் மிஷன்கள் ஒத்துக்கொண்டன. லைப்சிக் மிஷன் ஒத்துக்கொள்ளவில்லை. சாதி சமூக வழக்கம், கட்டாயப்படுத்தினால் போகாது, வார்த்தை பொறுமையாக உள்ளிருந்து வேலை செய்யும் என்பது அவர்கள் வாதம். அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரௌல் நல்ல தமிழறிஞர். திருக்குறளை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனவர். "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்" என்ற குறளையும் சேர்த்துத்தான் மொழிபெயர்த்தார்.

அவரைக் கல்லெறிவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தரப்பில் நின்று பார்த்தால், 1522-இல் லுத்தர் சொன்ன அதே பொறுமையைத்தான் சொல்வதாக நினைத்திருப்பார். ஆனால் விட்டன்பர்க்கில் லுத்தர் காத்தது யாரை? பலவீனரை. சென்னையில் பொறுமை காத்தது யாரை? பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றவரை. எழுந்து தள்ளி உட்கார வேண்டியிருந்தவரின் மனச்சாட்சியை யாரும் விசாரிக்கவில்லை. பவுல் இந்த இடத்தில் பொறுமையாக இருக்கவில்லை. கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் "விலகிப் பிரிந்தான்" என்று எழுதியிருக்கிறது. பேதுரு எந்த உபதேசத்தையும் மறுக்கவில்லை. பந்தியிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான். அதற்காகப் பவுல் எல்லார் முன்பாகவும் அவரை எதிர்த்து நின்றார்.

இப்போது யார் சார் தனி வரிசையில் உட்காருகிறார்கள் என்று கேட்பீர்கள். பெரிய வெள்ளிக்கிழமை மதியம் நம் வளாகத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

மும்மணி ஆராதனை முடிந்து கஞ்சி கொடுப்பது நம் சபையில் நெடுநாள் வழக்கம். காலையில் சூரியன் ஏறுவதற்குள் ஆலயத்தின் பின்புறம் இரண்டு அண்டாக்கள் அடுப்பேறிவிடும். நொய்யும் பயத்தம்பருப்பும் குழைய வெந்து, வெந்தயமும் உரித்த பூண்டும் சேர்ந்து, இறக்குகிற நேரத்தில் தேங்காய்ப் பால் ஊற்றுவார்கள். உள்ளே, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தை, "தாகமாயிருக்கிறேன்" என்று போதகர் வாசிக்கும்போது பூண்டு வாசனை ஜன்னல் வழியாக வரும். தியானத்துக்கு இடைஞ்சல் என்று ஒரு பெரியவர் வருடா வருடம் புகார் சொல்வார். எனக்கு அது இடைஞ்சலாகத் தெரிந்ததில்லை.

மூன்று மணிக்கு வெளியே வருகிறோம். கார் வைத்திருப்பவர்கள் தூக்கு கொண்டுவந்திருப்பார்கள்; வாங்கி, மூடி, பின் சீட்டில் வைத்துக் கிளம்பிவிடுவார்கள். சபைச் சங்கத்தாருக்கும் விருந்துப் பிரசங்கியாருக்கும் கமிட்டி அறையில் ஃபேனுக்குக் கீழே, மேசை விரிப்போடு, துவையல் தனிக் கிண்ணத்தில். வியாசர்பாடியிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் வரும் குடும்பங்கள் வேப்பமரத்தடியில் நின்றபடி பாக்குமட்டைத் தட்டில் குடித்துவிட்டுப் போவார்கள். யாரும் யாரையும் அங்கே போ, இங்கே நில் என்று சொன்னதில்லை. சொல்லாமலே அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருக்கிறது; எனக்குப் பயமே அதில்தான். எல்லோரும் போனபிறகு, மணி அடித்து, விளக்கணைத்து, கதவு பூட்டிய கோயில்பிள்ளை வந்து அண்டாவின் அடியைச் சுரண்டுவார். கழுவுகிறவர்கள் எப்போதும் அதே நான்கு பெண்கள். சாதி என்று அதற்குப் பெயர் வைத்தால் நமக்குக் கோபம் வருகிறது. வசதி என்று வைத்துக்கொள்வோமா? பேதுருவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

2025-இல் லெந்தும் ரமலானும் ஒரே வாரத்தில் பிறந்தன. நினைவிருக்கும். மாலையில் மசூதி வாசலில் நோன்புக் கஞ்சிக்கு வரிசை நிற்கும்; நம் தெருப் பிள்ளைகளும் தூக்கோடு போய் நிற்பார்கள். ஊற்றுகிறவர் நீ எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை, தூக்கு நிரம்புகிறது. "பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறதும்" என்று தொடங்கும் ஏசாயா 58:7-ஐ நாம் சாம்பல் புதனன்று வாசித்தோம். அதே வசனத்தின் கடைசியில், "உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்" என்று வருகிறது. ஆகாரம் கொடுத்துவிட்டு ஆளை ஒளித்துக்கொள்வதற்கு அங்கே இடம் இல்லை.

பத்துக் கட்டளைகளில் எட்டாம் கற்பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பதற்கு லுத்தர் எழுதிய விளக்கத்தில், அயலானைக் குறித்து நல்லதைப் பேசி, அவன் செய்வதை எல்லாம் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. சபைத் தேர்தல் நடக்கிற வருடத்தில் இதை வாசிக்கவே கூச்சமாக இருக்கிறது. மட்டனை விட்டவர்கள் வாட்ஸ்அப் குழுவில் மனிதர்களைக் கடிக்கிறார்கள். இதற்குமேல் வேண்டாம், யாரைச் சொல்கிறேன் என்று ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

கொரிந்துவுக்கு வருகிறேன். முதலாம் நிருபம் 11-ஆம் அதிகாரம். திருவிருந்து ஸ்தாபக வார்த்தைகளை நாம் மாதந்தோறும் கேட்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் பவுல் எழுதியிருப்பது ஒரு சாப்பாட்டுச் சண்டையைப் பற்றி. வசதியுள்ளவர்கள் நேரத்தோடு வந்து சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறியாயிருக்கிறான். பிந்தி வந்தவர்கள் அடிமைகளும் கூலிக்காரருமாக இருந்திருப்பார்கள் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். வேலை முடிந்தால்தானே வர முடியும்? பவுல் கொடுக்கும் தீர்வில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார்.

நம் பெரிய வியாழன் திருவிருந்து ஆராதனை மாலை ஆறரைக்கு. கொளத்தூர், மாதவரம் என்று குடிபோனவர்கள் நேரத்தோடு வீடு திரும்ப வசதியான நேரம். ஆனால் எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் நின்று வேலை செய்கிற நம் பெண்பிள்ளைகளுக்குக் கடை சாத்தவே ஒன்பதரை ஆகிறது. ஈஸ்டர் துணி வியாபாரம் சூடு பிடிக்கிற வாரம், லீவு கேட்டால் கிடைக்காது. துறைமுகத்தில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்கள் கதையும் அதுதான். அவர்கள் எல்லாம் பெரிய வியாழனன்று பந்திக்கு வருவதில்லை என்று சொல்கிறோமே, நாம் காத்திருந்தோமா?

ஆகவே சபைச் சங்கத்தின் முன் இரண்டு விண்ணப்பங்களை வைக்கிறேன். வருகிற பெரிய வியாழன் இரவு பத்து மணிக்கு இன்னொரு திருவிருந்து ஆராதனை வேண்டும். பாட்டைக் குறையுங்கள், பிரசங்கமே இல்லாவிட்டாலும் பாதகமில்லை. போதகர் ஐயாவுக்குச் சிரமம்தான், மறுநாள் மும்மணி ஆராதனை இருக்கிறது. துணைக்கு இன்னொரு போதகரை அழைக்கலாம். கடைசி பஸ் போய்விடும் என்று சொல்வீர்கள். இந்த வளாகத்தில் ஞாயிறன்று நிற்கிற பைக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கஞ்சி. கமிட்டி அறையை அன்று பூட்டிவிடுங்கள். மரத்தடியில் ஜமக்காளம் விரித்து ஒரே பந்தி, முதல் வரிசையில் கோயில்பிள்ளை குடும்பத்தோடு உட்காரட்டும், சங்கத்தார் பரிமாறட்டும். பாத்திரம் கழுவ ஆண்கள் எட்டுப் பேர் வேண்டும். பெண்கள் சங்கச் செயலாளர் அம்மாவிடம் நோட்டு இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்பார்கள். முதல் பெயர் என்னுடையது, எழுதிவிட்டுத்தான் பேச வந்தேன். இன்னும் ஏழு பேர்.