மனு எழுதிப் பிறந்த மாவட்டம்

(எங்கள் ஊர் வாசகசாலையில் ஒரு ஞாயிறு மாலை பேசியது. பேசிய ஓட்டத்தை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். வாக்காளர் விழிப்புணர்வு பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். தவறாமல் ஓட்டுப் போடுங்கள், காசு வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம், ஆனால் அது இந்த ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. என் மனதில் கிடப்பது வேறு. ஓட்டுப் போட்ட மறுநாள் தொடங்கி அடுத்த தேர்தல் வரைக்கும் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் அது.

நான் வாத்தியாராக இருந்தவன். பணிக்காலம் முழுக்கத் தேர்தல் டூட்டி பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பார்த்தது 2021 ஏப்ரல் 6. சட்டமன்றத்துக்கும் நம் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு, பூத்துக்குள் இரண்டு மெஷின், கொரோனா காலம் என்பதால் வருகிறவர் கையில் எல்லாம் பிளாஸ்டிக் உறை. எனக்குக் கிடைத்தது தூத்தூர் பக்கம் ஒரு கடலோர ஊர். பதினொரு மணி இருக்கும், ஒரு வயசான அம்மா வந்தார். கையில் இரண்டு வாக்காளர் அட்டை. ஒன்று அவருடையது. இன்னொன்றை மேசையில் வைத்து என் பக்கமாகத் தள்ளி, "சாரே, இது என் மவன் கார்டு. அவன் லட்சத்தீவுப் பக்கம் தங்கலுக்குப் போயிருக்கான். அவனுக்க ஓட்டையும் நானே குத்திட்டுப் போகட்டா?" என்று கேட்டார். முடியாதும்மா, சட்டம் இல்லை என்றேன். "ஓ, சரி" என்று அட்டையைச் சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்ப அந்தப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டு, தன் ஓட்டை மட்டும் போட்டுவிட்டுப் போனார்.

எனக்கு அன்றைக்கு மனசு சரியில்லை. ஏனென்றால் அங்கே டூட்டியில் இருந்த எனக்குத் தபால் ஓட்டு உண்டு. எல்லையில் நிற்கும் ராணுவ வீரருக்கு உண்டு, அவர் பெயரில் இன்னொருவர் வந்து போடவும் வழி உண்டு. 85 வயதைத் தாண்டியவர்களுக்கு இப்போது வீட்டுக்கே பெட்டி வருகிறது, நல்ல விஷயம். தங்கல் என்று முப்பது நாள், நாற்பது நாள் கடலில் கிடந்து மீன் பிடிக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் போய்ப் பாருங்கள், வாக்குப்பதிவு நாளில் வரிசையில் நிற்பது பெரும்பாலும் பெண்களும் வயசானவர்களும்தான்.

வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகள் கதையும் இதேதான். 2010-ல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகனும் படிவம் 6ஏ கொடுத்துப் பட்டியலில் சேரலாம் என்றார்கள். சேரலாம், ஆனால் ஓட்டுப் போட நேரில் வர வேண்டும். மஸ்கட்டில் கட்டட வேலை பார்க்கும் பையன் ஓட்டுக்காக டிக்கெட் எடுத்து வருவானா? பதிலி வைத்து ஓட்டுப் போட ஒரு மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டவில்லை. 2019-ல் அந்த மக்களவை முடிந்ததும் மசோதாவும் காலாவதியாகிவிட்டது. அதற்காக நம்மில் ஒருவராவது ஒரு கடிதம் எழுதினோமா? நானும் எழுதவில்லை.

இதைச் சொல்லும்போது பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது, நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்த கதை. இங்கே இருக்கும் இளம்பிள்ளைகளுக்கு இது பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. நவம்பர் 1 அன்று உள்ளூர் விடுமுறை, அவ்வளவுதான். நம் தாத்தாக்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. ஆபீசிலும் கோர்ட்டிலும் தங்கள் தமிழ் இல்லை, தன் நிலத்துப் பத்திரத்தைத் தானே படிக்க முடியவில்லை என்ற கோபம்தான் போராட்டத்தை நடத்திய மார்ஷல் நேசமணி பின்னால் அவ்வளவு பேரைத் திரட்டியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். அதை ஊர்வலம் வைத்து நினைக்கிறோம். ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொரு வேலையை நாம் நினைப்பதில்லை. 1953 டிசம்பரில் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைத்தார்கள் அல்லவா, நாடு முழுக்க இருந்து அதற்குப் போன மனுக்களும் ஆவணங்களும் 1,52,250. பெரும்பாலும் தந்தி, தீர்மானம், ஒரு பக்கக் கடிதம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை இந்த ஐந்தையும் சென்னை மாநிலத்தோடு சேர்க்கலாம் என்று 1955-ல் ஆணையம் எழுதியது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, தேவிகுளமும் பீர்மேடும் கேரளப் பக்கமே நின்றுவிட்டன. ஆனாலும் 1956-ல் பாராளுமன்றம் போட்ட சட்டத்தில்தான் நம் மாவட்டம் பிறந்தது. ரத்தமும் சிந்தினார்கள், உட்கார்ந்து எழுதவும் செய்தார்கள். இரண்டாவதை நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது கரண்டு விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கு எழுத வேண்டியது அதில்தான் நிறைய இருக்கிறது.

மலையில் கோதையாறு நீர்மின் நிலையம், கணவாயில் காற்றாலைக் காத்தாடி, கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம், அதற்குள் அணுசக்திக்கு உதவும் தோரியம், முனையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கூடங்குளம். இவ்வளவு சின்ன மூலையில் இத்தனையும் கிடக்கும் இடம் நாட்டில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இவை எதைப் பற்றியும் முடிவெடுக்கும் மேசையில் நாம் இல்லை.

மின்சாரச் சட்டத்தைத் திருத்தப் பல வருஷமாக முயற்சி நடக்கிறது. 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் ஒரு மசோதா வந்தது, நிலைக்குழுவுக்குப் போனது, 2024-ல் காலாவதியானது. திரும்ப 2025 அக்டோபர் 9 அன்று புது வரைவை வெளியிட்டு, கருத்துச் சொல்ல 30 நாள் கொடுத்தார்கள். அதை உட்கார்ந்து படித்தேன். இரண்டு விஷயம் முக்கியம். ஒரே லைனைப் பயன்படுத்தி ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே பகுதியில் கரண்டு விற்கலாம் என்பது ஒன்று. குறுக்கு மானியம் மற்றது. அதாவது தொழிற்சாலையும் கடையும் கூடுதல் விலை கொடுப்பதால்தான் வீட்டுக்கு விலை குறைகிறது, அதில் உற்பத்தித் தொழில், ரயில்வே, மெட்ரோ இவற்றுக்கு அந்தச் சுமையை ஐந்து வருஷத்துக்குள் ஒழிப்பது என்கிறது வரைவு.

இதில் தொழில் செய்கிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சின்னமுட்டத்திலோ குளச்சலிலோ ஐஸ் பிளான்ட் நடத்துகிறவரிடம் கேளுங்கள், 2022 கட்டண உயர்வுக்கு அப்புறம் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் அவரை எப்படி நசுக்குகிறது என்று சொல்வார். அவருக்குக் குறையட்டும். ஆனால் அவருக்குக் குறைந்ததை யார் கட்டுவது? மாநில அரசு பட்ஜெட்டிலிருந்து கொடுக்கலாம் என்கிறார்கள். கொடுக்காத வருஷம் வந்தால், 2016-லிருந்து வீட்டுக்குக் கிடைக்கும் நூறு யூனிட்டும், வாழைக்கும் தென்னைக்கும் ஓடும் இலவச மோட்டாரும் என்ன ஆகும்? இதுதான் என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி ஒக்கிப் புயலிலிருந்து வருகிறது. 2017 நவம்பர் 30. மறக்க முடியுமா? ரப்பர் மரம் முறிந்து, வாழை படுத்து, போஸ்டெல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தது பதினோராம் நாள். வேறு மாவட்டங்களிலிருந்து லைன்மேன்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தான், கை இரண்டிலும் கயிறு இழுத்து இழுத்துத் தோல் உரிந்திருந்தது. "எப்ப ஊருக்குப் போவே மக்கா?" என்று என் வீட்டுக்காரி கேட்டதற்கு, "எல்லா ஊர்லயும் லைட் எரிஞ்ச பிறகு தாம்மா" என்றான். மாநிலம் முழுக்க ஒரே வாரியம் என்பதால் அவன் வந்தான். லைன் ஒருவருக்கு, விற்பனை நாலு பேருக்கு என்று ஆனபின் ஒரு ஒக்கி வந்தால் போஸ்டைத் தூக்க எத்தனை ஆளை, எங்கிருந்து, யார் செலவில் கொண்டுவருவார்கள்? வரைவைத் திரும்பத் திரும்பப் படித்தும் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

காத்தாடி பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போது ஜன்னலைத் திறந்தால் மூச்சு முட்டும், அவ்வளவு காற்று. அந்தக் காற்றிலும் சில நாள் இறக்கைகள் அசையாமல் நிற்கும். பழுது இல்லை, வாங்கிக்கொள்ள கிரிட்டில் இடம் இல்லை என்று நிறுத்தச் சொல்லும் நாட்களும் உண்டு. காற்று இருக்கும்போது சேர்த்து வைக்கப் பேட்டரியோ, நீரை மேலேற்றி இறக்கும் நிலையமோ வேண்டும். முப்பந்தலில் நிற்பவற்றில் பல, 250 கிலோவாட் மாதிரி சின்ன பழைய மெஷின். அவற்றை மாற்ற மாநில அரசு 2024-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. புதியது வரட்டும், நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். புது அணு உலைக்கும் கரிக்கும் முன்னால் இதற்குத்தான் பணம் போக வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுக் கூரையில் சோலார் வைக்க மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, நம் ஊரில் ஓட்டு வீடும் கான்கிரீட் மாடியுமாக இவ்வளவு வெயில் வீணாகக் காய்கிறது.

மணலில் நடப்பது எனக்குப் பயமாகவே இருக்கிறது. கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிமம் எடுக்க ஐ.ஆர்.இ.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் திட்டம் போட்டது. 2024 அக்டோபர் 1-ல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம், ஊர்களின் எதிர்ப்பால் தள்ளிப்போனது. நாம் எல்லாரும் அடுத்த கூட்டத்துக்குத் தயாரானோம். ஆனால் 2025 செப்டம்பர் 8 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை போட்டது. அணுக்கனிமச் சுரங்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று. பாராளுமன்ற விவாதம் இல்லை, ஓட்டெடுப்பு இல்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் மக்களுக்குக் கொடுத்திருந்த ஒரு நாற்காலியை ஒரு குறிப்பாணை எடுத்துவிட்டது. கனிமம் நாட்டுக்குத் தேவை என்றால் அதை அந்த ஊர்க்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்ன தயக்கம்?

அணுசக்தியிலும் இதே வேகம். ஒரு மசோதா, 2025 டிசம்பர் 15 அறிமுகம், 17 மக்களவை, 18 மாநிலங்களவை. நாலே நாளில் 1962 அணுசக்திச் சட்டமும் 2010 அணு விபத்து இழப்பீட்டுச் சட்டமும் போய், தனியாரும் அணு உலை நடத்தலாம் என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது. கூடங்குளத்தில் ஓடுகிற இரண்டையும் நாளைக்கே மூடு என்று நான் சொல்ல மாட்டேன், என் வீட்டு விளக்கிலும் அந்தக் கரண்டு இருக்கும். ஆனால் பழைய 2010 சட்டத்தில், கொடுத்த சாமான் கெட்டதாக இருந்து விபத்து நடந்தால் சப்ளை செய்தவரிடம் பணம் கேட்க ஒரு வழி இருந்தது. அதை எடுத்தது தப்பு. உலைக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருக்கும் ஒருவனாக இதைச் சொல்கிறேன். மசோதாக்களை முப்பது நாளாவது மக்கள் முன் வைக்க வேண்டும் என்று 2014-ல் மத்திய அரசே ஒரு கொள்கை வகுத்தது. இதற்கு அந்த முப்பது நாள் எங்கே போனது?

மொழியும் ஒரு தடை. மின்சார வரைவைத் தமிழில் தேடினேன், எனக்குக் கிடைக்கவில்லை. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. யாரோ ஒருவர் கேட்டதால் வந்த உத்தரவு அது. நம் தாத்தாக்கள் 1954-ல் கேட்டதும் ஏறக்குறைய இதுதானே.

ஒரே நாடு ஒரே தேர்தல் பற்றி என் கருத்தைக் கேட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டாம். இடையில் கலைந்த சட்டமன்றத்துக்கு மிச்சக் காலத்துக்கு மட்டும் தேர்தல் என்கிறது மசோதா. ஐந்து வருஷத்துக்கென்று நான் போடும் ஓட்டின் காலத்தை அது குறைக்கிறது. தேர்தல் அடிக்கடி வந்தால்தான் இந்த ரோட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்பதும் உண்மை.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 4 முதல் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள், டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பெயர் விடுபட்டிருந்தது. செத்தவர்கள், இடம் மாறியவர்கள் என்று சரியான நீக்கம் நிறைய. ஆனால் தங்கலில் இருந்தவன் பெயர் போயிருந்தால் அவனுக்கு அது எப்போது தெரியும்? இல்லாதவர்களுக்குப் படிவம் 6 நாமே நிரப்பிக் கொடுப்போம்.

கடைசியாக, அந்த அம்மா கேட்ட கேள்வி. விசாரித்துப் பார்த்தேன். மீனவருக்குத் தபால் ஓட்டு கொடுக்கப் புதுச் சட்டமே தேவையில்லை. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 60-வது பிரிவின்படி, அரசோடு கலந்து தேர்தல் ஆணையம் ஒரு வகையினரை அறிவித்தால் போதும், அத்தியாவசியப் பணியில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் வந்தது. வேட்பாளர் பட்டியல் முடிவான அன்றிலிருந்து தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு மையம், நம் படகுகள் மீன் இறக்கும் கொச்சியில் ஒரு மையம், இவ்வளவுதான் கேட்கிறேன். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது வாசிக்கிறேன், குறை இருந்தால் நிறுத்திச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் பக்கத்தில் வாக்காளர் அட்டை எண்ணையும் எழுதுங்கள். பேனா அந்த மேசையில் இருக்கிறது.