அகஸ்டாவில் பன்னிரண்டு நாள்

(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, அரங்கைத் தந்து உதவிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, பல வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, முன்வரிசையில் பதக்கம் அணிந்து அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். வரவேற்புரை ஆற்றிய தம்பி என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவருடைய அன்பின் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். நாற்காலி போட்டு, மின்விசிறி மாட்டி, தேநீர் கொடுத்த இளைஞர்களுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும்.

எனக்குத் தந்த தலைப்பு ஜோஷுவா லாரன்ஸ் சேம்பர்லேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெய்ன் மாநிலத்துக்காரர். அவரைப் படைத்தலைவர், மாநில ஆட்சித் தலைவர், கல்லூரித் தலைவர், 1880இல் ஒரு மாநிலத்தையே கலவரத்திலிருந்து காத்தவர் என்று நான்கு கோணத்தில் பார்க்கலாம். நான்கையும் தொட முயல்கிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் நம் பெரியவர்கள் சொன்ன ஒரு பழமொழி ஓடுகிறது: பதறாத காரியம் சிதறாது.

1828 செப்டம்பர் 8இல் புரூவர் என்ற ஊரில் பிறந்தார். பிரன்ஸ்விக் நகரின் போடின் கல்லூரியில் படித்து, அங்கேயே பேராசிரியரானார். கிரேக்கம், லத்தீன், எபிரேயம், ஜெர்மன், பிரெஞ்சு எனப் பல மொழிகள் அறிந்தவர். வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்ட மறு ஆண்டு, 1862இல், ஐரோப்பாவில் படிக்க இரண்டாண்டு விடுப்பு கொடுத்தார்கள். அவர் போனது படைக்கு. ஒரு ரெஜிமென்ட்டின், அதாவது ஒரு படைப்பிரிவின், தலைமையையே கொடுக்க மாநில ஆளுநர் முன்வந்தார். வேண்டாம், ஒரு படி கீழே தொடங்கித் தொழிலைக் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்லி, 20ஆம் மெய்ன் ரெஜிமென்ட்டில் லெப்டினன்ட் கர்னலாகச் சேர்ந்தார். பதவி வீடு தேடி வரும்போது இன்னும் கற்கவில்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

1863 மே மாதக் கடைசியில் நடந்ததைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அப்போது ரெஜிமென்ட்டின் தலைமை அவர் கைக்கு வந்திருந்தது. 2ஆம் மெய்ன் என்ற இன்னொரு ரெஜிமென்ட் இரண்டாண்டுப் பணி முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. அதில் சுமார் 120 பேர் மட்டும் மூன்றாண்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆள் சேர்த்தபோது, கொடி ஊர் திரும்பும்போது நீங்களும் திரும்பலாம் என்று நம்பவைத்துவிட்டார்கள். கூட இருந்தவன் மூட்டை கட்டுகிறான், இவனை மட்டும் இரு என்கிறார்கள். கோபம் வராதா? துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

ராணுவம் அதைக் கலகம் என்றது. துப்பாக்கி முனையில் ஈட்டி மாட்டிய காவலர்கள் சூழ, சேம்பர்லேனின் முகாமுக்கு அவர்களை ஓட்டிவந்தார்கள். மூன்று நாளாகச் சோறு கொடுக்கவில்லை. பணிய மறுத்தால் சுடலாம் என்று அனுமதியும் இருந்தது. முப்பத்து நான்கு வயதுப் பேராசிரியர் என்ன செய்தார்? முதலில் காவலர்களை அனுப்பிவிட்டார். அடுத்து, சாப்பாடு போடச் சொன்னார். பசித்தவனிடம் நியாயம் பேசினால் காதில் ஏறாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவதாக, ஒரே கும்பலாக வைக்காமல், ரெஜிமென்ட்டின் உட்பிரிவுகளான எல்லாக் கம்பெனிகளுக்கும் பிரித்துவிட்டார். நான்காவதாக, உங்கள் குறையை மாநில ஆளுநருக்கு எழுதுகிறேன், அதுவரை படைவீரருக்குரிய மரியாதை உங்களுக்கு உண்டு என்று சொல்லி, சொன்னபடியே எழுதினார். ஒரு சிலரைத் தவிர அத்தனை பேரும் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்கள். பதறாத காரியம் சிதறாது!

கதை அங்கே முடியவில்லை. அடுத்து வந்த ஜூலை 2ஆம் தேதி, கெட்டிஸ்பர்க் போரில் லிட்டில் ரவுண்ட் டாப் குன்று. வடக்குப் படை வரிசையின் இடது கோடியில் 20ஆம் மெய்ன். நானூறுக்கும் குறைவான ஆட்கள். அவர்களுக்கு இடப்புறம் யாருமே கிடையாது. அந்த முனை முறிந்தால் வரிசை முழுவதையும் பக்கவாட்டில் இருந்து சுருட்டிவிடலாம். ஆளுக்கு 60 தோட்டா. காகித உறையைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்கும் அந்தத் துப்பாக்கியில், பழகியவன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். தெற்குப் படையின் அலபாமா வீரர்கள் மீண்டும் மீண்டும் ஏறி வந்தார்கள். சேம்பர்லேன் ஆட்களை இடைவெளி விட்டு விரித்து, இடது பாதியைப் பின்னுக்கு மடக்கி நிறுத்தினார். தோட்டா தீர்ந்தது. துப்பாக்கி முனையில் ஈட்டியை மாட்டச் சொன்னார். மடக்கிய இடதுபக்கம் முதலில் இறங்க, கீல் மாட்டிய கதவுபோல வரிசை முழுவதும் சுழன்று இறங்கியது. எதிரிகள் நூற்றுக்கணக்கில் பிடிபட்டார்கள்.

அந்தச் சண்டையின் நடுவில், சுற்றிலும் ஆட்கள் விழுந்துகிடக்க, கொடிக்கம்பைக் கை மடிப்பில் அணைத்துப் பிடித்தபடியே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு நின்றார் ஒருவர். பெயர் ஆண்ட்ரூ டோசியர். அவர் 2ஆம் மெய்னிலிருந்து வந்தவர்! (பலத்த கைதட்டல்)

சண்டைகள் இன்னும் பல உண்டு. 1864 ஜூன் 18, பீட்டர்ஸ்பர்க்கில் குண்டு வலது இடுப்பில் நுழைந்து இடது இடுப்பு வரை துளைத்தது. பிழைக்க மாட்டார் என்று எண்ணி, வடக்குப் படையின் தலைமைத் தளபதி கிராண்ட் அங்கேயே பிரிகேடியர் ஜெனரல் ஆக்கினார். பத்திரிகைகள் மரணச் செய்தியே போட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் படைக்குத் திரும்பிவிட்டார். 1865 ஏப்ரல் 12, அப்போமாட்டாக்ஸில் தோற்ற தெற்குப் படை ஆயுதம் ஒப்படைக்க வந்தபோது, தன் வீரர்களை அவர்களுக்கு மரியாதை செலுத்தவைத்தார்.

1866இல் மெய்ன் மக்கள் அவரை ஆளுநராக்கினார்கள். அங்கே ஆளுநர் மக்கள் நேரே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். நம் முதலமைச்சரின் பொறுப்பு அவருடையது. அப்போது பதவிக்காலம் ஓராண்டுதான். தொடர்ந்து நான்கு முறை வென்று 1871 ஜனவரி வரை இருந்தார். ஓரோனோவில் வேளாண் கல்லூரி வளர்ந்தது, வடக்கே காட்டுப் பகுதியில் ஸ்வீடன் நாட்டுக் குடும்பங்களைக் குடியேற்றியது எல்லாம் அந்தக் காலத்தில். மதுவிலக்கை நடத்தத் தனிக் காவல்படை வேண்டும் என்றபோது எதிர்த்து, சொந்தக் கட்சியிலேயே பகை தேடிக்கொண்டார். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். பிறகு 1883 வரை போடின் கல்லூரியின் தலைவர். விழாத் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் மெய்னின் தலைநகரான அகஸ்டாவுக்கு வந்துவிடுகிறேன்.

1879 செப்டம்பரில் மாநிலத் தேர்தல். ஆளுநர் போட்டியில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு இல்லை. சட்டமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மை என்பதே உயிர்நாடி. முதல் கணக்கில் சேம்பர்லேனின் குடியரசுக் கட்சி முன்னணியில் இருந்தது. ஊர்களிலிருந்து வந்த முடிவுத்தாள்களைச் சரிபார்க்கும் அதிகாரமோ மறு அணியைச் சேர்ந்த ஆளுநர் கார்சலனிடமும் அவருடைய ஆலோசனைக் குழுவிடமும் இருந்தது. அவர்கள் குற்றம் தேடினார்கள். வேட்பாளரின் தலைப்பெழுத்து மாறியிருக்கிறது, பெயரில் எழுத்துப் பிழை, ஊர் அலுவலரின் கையெழுத்து முறைப்படி இல்லை என்று சொல்லித் தாள்களைத் தள்ளினார்கள். பெரும்பான்மை மாறிவிட்டது. ஓர் இனிஷியல், அன்பர்களே! ஓர் இனிஷியலுக்காக ஒரு ஊர் போட்ட வாக்கு குப்பைக்குப் போனது.

மாநிலம் கொதித்தது. ஊர் ஊராகத் துப்பாக்கி எடுத்தார்கள். 1880 ஜனவரி 5ஆம் தேதி, பதவி முடியப்போகும் கார்சலன், மாநிலப் படையின் மேஜர் ஜெனரலான சேம்பர்லேனிடம், அடுத்தவர் முறைப்படி வரும்வரை அரசின் உடைமைகளையும் அமைப்புகளையும் காக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அவர் செய்த முதல் வேலை, தலைமைச் செயலகத்துக்குள் கார்சலன் நிறுத்தியிருந்த ஆயுதம் தாங்கிய கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பியது. அந்த இடத்தில் அகஸ்டா நகரக் காவலரை நிறுத்தினார். படையை வரவழைக்கச் சொல்லிச் சொந்தக் கட்சியின் பெருந்தலைவர் பிளெய்ன் தரப்பு நெருக்கியும் மறுத்துவிட்டார். எதிரணியில் ஒருவர் மாற்றி ஒருவர் நானே ஆளுநர் என்று வந்தார்கள். அவர்களையும் ஏற்கவில்லை. நீதிமன்றம் சொல்லட்டும் என்ற ஒரே பதில்தான். கடத்திவிடுவோம், கொன்றுவிடுவோம் என்று மிரட்டல்கள் வந்தன.

ஒருநாள் கொல்வதற்கென்றே ஒரு கும்பல் கட்டடத்துக்குள் நுழைந்தது. சேம்பர்லேன் அவர்கள் எதிரில் படியேறி நின்று, சட்டப்படியான அரசு அமைவதைப் பார்க்கவே நான் இங்கே இருக்கிறேன், அதற்காகக் கொல்ல வேண்டுமானால் இதோ என்று மேலங்கியை விரித்துக் காட்டினார். கூட்டத்திலிருந்து ஒரு பழைய படைவீரர் முண்டியடித்து முன்னே வந்து, அவர்மேல் முதலில் கை வைப்பவனை நான் தீர்த்துவிடுவேன் என்றார். கூட்டம் கலைந்தது. ஜனவரி 16ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் குடியரசுக் கட்சியின் சட்டமன்றமே முறையானது என்றது. மறுநாள் டேனியல் டேவிஸ் ஆளுநரானதும் இவர் பொறுப்பை ஒப்படைத்து வீட்டுக்குப் போனார். பன்னிரண்டு நாளில் ஒரு குண்டு வெடிக்கவில்லை. தேர்தலில் வென்று வரும் எந்தப் பதவியும் அதன்பின் அவருக்குக் கிடைக்கவில்லை. 1914இல், 85ஆம் வயதில், அந்தப் பழைய இடுப்புக் காயம்தான் உயிரைக் கொண்டுபோனது.

இதை நான் ஊர் ஊராகச் சொல்லக் காரணம் உண்டு. வட்டாட்சியர் அவர்கள் இருக்கும் மேடையிலேயே சொல்கிறேன். இனிஷியலால் வாக்கு போகக்கூடாது என்பது நம் சட்டத்திலேயே இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951. அதன் 36ஆம் பிரிவு, சாரமில்லாத குறைக்காக வேட்புமனுவைத் தள்ளக்கூடாது என்கிறது. வாக்காளர் அட்டையில் சின்ன எழுத்துப் பிழை இருந்தாலும், ஆள் இன்னார் என்று தெரிந்தால் வாக்களிக்க விட வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. ஆனால் பட்டியலில் பெயரே இல்லாவிட்டால் எந்தப் பிரிவும் கைகொடுக்காது. அதனால் வரைவுப் பட்டியல் வந்ததும் பாருங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. பிழை திருத்த, வீடு மாற்றப் படிவம் 8. ஒரு பெயரை நீக்கச் சொல்லவோ, சேர்ப்பதை ஆட்சேபிக்கவோ படிவம் 7. தமிழ்ப் பட்டியலையும் ஆங்கிலப் பட்டியலையும் தனித்தனியே பாருங்கள், ஒன்றில் சரியாக இருப்பது மற்றதில் தப்பாக இருக்கும்.

வாக்குச்சாவடி முகவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலையில் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 வாக்கு போட்டுப் பார்ப்பார்கள். அதை இயந்திரத்திலிருந்து அழித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அழிக்க மறந்த இடத்தில்தான் மாலையில் அத்தனை வாக்கு கூடுதலாக வந்து நிற்கும், சந்தேகமும் சண்டையும் கிளம்பும். மாலையில் கடைசி வாக்காளர் போகும்வரை இருங்கள். வாக்குப்பதிவு முடியும்போது அங்கே இருக்கும் முகவருக்குத்தான் பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி நகல் உண்டு. ஐந்து மணிக்கே தேநீர் குடிக்கப் போய் அப்படியே வீடு சேர்ந்தவருக்கு யார் தருவார்கள்? நகலில் மூன்றைப் பாருங்கள்: வாக்களிக்க வந்தவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டின் எண்ணிக்கை, இயந்திரம் காட்டும் மொத்தம், முத்திரைத் தாள்களின் எண்கள். பதிவேட்டு எண்ணிக்கையிலிருந்து, வாக்களிக்க மறுத்தவர்களையும் அனுமதிக்கப்படாதவர்களையும் கழித்தால் இயந்திர மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். அச்சான சீட்டு தப்பு என்று வாக்காளர் புகார் சொன்னால் போட்டுப் பார்க்கும் சோதனை வாக்கு இருந்தால் அதையும் தனியாகக் குறித்திருப்பார்கள். எண்ணும் நாளில் உங்கள் முகவர் அந்த நகலோடு மேசைக்குப் போகட்டும். எண் ஒத்துப்போகவில்லையா? கூச்சல் வேண்டாம், தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதறாத காரியம் சிதறாது.

வாசலுக்கு இடப்புற மேசையில் படிவம் 8 இருக்கிறது. திருத்தத்துக்கான சான்றின் நகலில் உங்கள் கையெழுத்தைப் போட்டு இணைத்துவிடுங்கள். பேச வாய்ப்புத் தந்த வாசகர் வட்டத்துக்கு நன்றி. வணக்கம்.