மூன்று மணி நேரம் காத்திருந்து எடுத்த 11 வினாடி

வணக்கம் மக்களே! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அடக்கிவைக்க முடியவில்லை. ஐரோப்பியத் தரை அணிலை, அதுதான் மண்ணில் வளை தோண்டி வாழும் அணிலை, பிடித்துவிட்டேன், கேமராவில்! வழக்கம்போல டிரைபாட் இல்லை. 3 மணி நேரம் உட்கார்ந்ததில் கிடைத்தது 11 வினாடி. முளை அடித்தது மாதிரி நிமிர்ந்து நிற்கும், ஒரு விசில், அவ்வளவுதான், வளைக்குள் போய்விடும். என் நிழல் கொஞ்சம் அசைந்ததற்கே இரண்டு தடவை ஓடிவிட்டது. அந்த 11 வினாடியை நேற்று ராத்திரி எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

இடம் சொல்லவில்லையே! செக் குடியரசின் தலைநகர் ப்ராகில் லெட்னானி. மெட்ரோ சி தடத்தின் கடைசி ஸ்டேஷன், பக்கத்திலேயே புல்தரை விமானத்தளம்.

போன வீடியோவில் பீச் (beech) மரக் காட்டில் ஒரு காளானைக் காட்டினேனே, குதிரைக் குளம்பு மாதிரி, தட்டினால் மரக்கட்டைச் சத்தம் வருமே, ஃபோமஸ் ஃபோமென்டேரியஸ்? அதைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர், "இயற்கையைச் சும்மா விட்டாலே போதும், தானாகப் பிழைக்கும்" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. காளானுக்கு அது சரி. பட்ட மரத்தை வெட்டி அள்ளாமல் விட்டால் போதும், உள்ளிருந்து மரத்தைத் தின்று மட்க வைத்துவிடும். அணிலுக்கு அப்படியே நேர்மாறு. புல் உயர்ந்தால் வல்லூறு வருவது அதற்குத் தெரியாது. ஆடு மாடு மேய்ச்சல் நின்ற இடங்களில், உழுது போட்ட இடங்களில் இந்த இனமே காணாமல் போனது. விமானத்துக்காகப் புல்லை வெட்டிக்கொண்டே இருப்பதால்தான் லெட்னானியில் மிஞ்சியிருக்கிறது. 2020-இல் அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று பட்டியலிட்டுவிட்டார்கள். அதைச் சும்மா விடச் சொன்னால் எப்படி?

அட, காளானில் முக்கியமானதைப் போன தடவை விட்டுவிட்டேன். விழுந்து கிடந்த மரத்தில் ஒன்றைக் காட்டினேனே, அது ஏன் கோணலாக இருந்தது தெரியுமா? அதன் அடியில் இருக்கும் நுண்துளைகள் எப்போதும் தரையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் வித்துகள் கீழே உதிரும். மரம் சாய்ந்ததும் புதிதாக வளரும் பகுதியை அது திருப்பிக்கொள்கிறது. பழைய அடுக்குகள் ஒரு பக்கம், புதியவை வேறு பக்கம். மரம் விழுந்தபோது காளான் உயிரோடு இருந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

சரி, அணில்கள் இன்னும் கொஞ்ச நாளில் குளிர்காலத் தூக்கத்துக்குப் போய்விடும். வசந்தத்தில் எழுந்ததும் மறுபடி லெட்னானி போகிறேன், இந்த முறை டிரைபாடோடு.