பழைய சஞ்சிகையைக் கையில வைச்சுக்கொண்டு ஊர்க்கதை கேக்கிறது எப்பிடி?

வணக்கம். ஊர்ப் பெரியாக்களின்ர கதையைப் பதிவு செய்யப் போறீங்களெண்டால், ரெக்கோடரைத் தூக்க முன்னம் அந்த ஊரின்ர பழைய தாள்களைத் தேடுங்கோ. 1930இல சுன்னாகத்தில தொடங்கின ஈழகேசரிப் பத்திரிகை, 1966இல தொடங்கின மல்லிகைச் சஞ்சிகை, பள்ளிக்கூட ஆண்டுமலர், கோயில் கும்பாபிஷேக மலர், சனசமூக நிலைய மலர் எல்லாம் உதவும். 1981இல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிஞ்சு 97,000 அளவில நூல்கள் போன இடம் இது. ஒரு வீட்டு அலுமாரியில கிடக்கிற இதழ் கடைசிப் பிரதியாவும் இருக்கலாம். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் பண்ணி வைச்சிருக்கிற 'நூலகம்' (noolaham.org) எண்ட இணையத்தளத்தில முதல்ல தேடிப் பாருங்கோ, அங்க இல்லாததைத்தான் முதல்ல ஸ்கான் பண்ணவேணும்.

எனக்குக் கட்டுரையளை விட விளம்பரப் பக்கம்தான் பெறுமதி. கடைப் பெயர், தெரு, விலை எல்லாம் அதில கிடக்கும். அந்தப் பக்கத்தைப் பெரிசாப் பிரதி எடுத்துக் கதை சொல்லுறவருக்கு முன்னால வையுங்கோ. "அந்தக் காலம் எப்பிடி ஐயா?" எண்டால் "நல்லா இருந்தது தம்பி" எண்டதோட நிண்டிடும். "இந்தக் கடைக்குப் பக்கத்தில என்ன இருந்தது, ஆர் நடத்தினவை?" எண்டு கேட்டால் தெரு முழுக்க வரும். கேட்டிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கோ. இடையில வாற மௌனத்துக்குப் பிறகுதான் நல்ல கதை வரும்.

திகதியில கவனம். "ஐப்பசியில இடம்பெயர்ந்தனாங்கள்" எண்டால் இந்திய இராணுவச் சண்டை நடந்த 1987 ஒக்டோபரா, யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட 1995 ஒக்டோபரா? வருசத்தைக் கேளாமல் "எங்க போனீங்கள்?" எண்டு கேளுங்கோ. நல்லூர்க் கோயிலடியில தங்கினதெண்டால் பெரும்பாலும் 1987. நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனதெண்டால் 1995. "புயலடிச்ச வருசம்" எண்டால் 1964 மார்கழிப் புயலோ எண்டு உறுதிப்படுத்துங்கோ. சஞ்சிகையும் பிழை விடும், ஆனபடியால் சஞ்சிகையும் சொன்ன கதையும் முரண்பட்டால் ரெண்டையும் எழுதி வையுங்கோ. ஒண்டைத் திருத்தி மற்றதோட ஒட்டாதேங்கோ.

பதிவுக்கு போனே போதும். பிளேன் மோடில போடுங்கோ, மைக் வாயில இருந்து ஒரு சாண் தூரம். மேல சுத்திற ஃபானை நிப்பாட்டுங்கோ, அந்த இரைச்சலைப் பிறகு எடுக்கப் போனால் குரலும் சேர்ந்து அழியும். வேவ் கோப்பா, 48 கிலோஹேட்ஸ், 24 பிட், மோனோ. மணித்தியாலத்துக்கு 520 எம்பி அளவில பிடிக்கும். தொடக்கத்திலயே பெயர், இடம், திகதி, சம்மதம் நாலையும் அவையின்ர குரலிலயே பதியுங்கோ. காணிப் பிரச்சினை, சாதி, போர்க்காலத்து ஆக்களின்ர பெயர் வந்தால், வெளியில விடமுதல் அந்தப் பகுதியைப் போட்டுக் காட்டித் திரும்பவும் சம்மதம் கேக்கவேணும்.

இனித் தாள். பழைய பத்திரிகைத் தாள் மரக்கூழில செய்தது, அதில ஊறுற அமிலத்தால மடிப்பு முதல்ல முறியும். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டவே ஒட்டாதேங்கோ, பசை மஞ்சளாகி எழுத்தையும் பிடிச்சுக்கொண்டு வரும். நடுவில குத்தின கம்பி துருப்பிடிச்சிருந்தால் இழுக்காமல், பின்பக்கக் காலை நிமித்தி எடுங்கோ. பக்கத்துக்குப் பின்னால கறுப்புத் தாள் வைச்சால் மறுபக்க எழுத்துத் தெரியாது. 400 டிபிஐ, வர்ணத்தில, டிஃப் கோப்பு. அட்டை, விளம்பரம், வெற்றுப் பக்கம் ஒண்டும் விடாமல் எடுங்கோ. மாரி மழைக்க இந்த வேலை வேண்டாம், ஈரத்தில பக்கம் ஒட்டிக் கிழியும்.

கோப்புக்கு இதழ் பெயர், ஆண்டு, மாதம், பக்கம் எண்ட ஒழுங்கில பெயர் வையுங்கோ. பேச்சை எழுத்தாக்கேக்க "வந்தவை", "போட்டினம்" எண்டதுகளை வந்தார்கள், போய்விட்டார்கள் எண்டு மாத்தாதேங்கோ. ஒரு பிரதி பென் டிரைவில கதை சொன்ன வீட்டுக்கே குடுங்கோ, கேட்டிட்டுத் திருத்தம் சொல்லுவினம். அந்தத் திருத்தத்தையும் திகதி போட்டுப் பக்கத்தில சேருங்கோ.