அலை தேர்ந்தெடுக்கும் முழு எண்

அவையினருக்கு வணக்கம். 1980 பிப்ரவரியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில், சிலிக்கான் டிரான்சிஸ்டர் ஒன்றை வலிய காந்தப்புலத்தில் வைத்து அளந்த இயற்பியலாளர் கிளாஸ் ஃபான் கிளிட்சிங், அதன் ஹால் மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்த ஈவு) படிகளாக மாறுவதையும், ஒவ்வொரு படியின் மதிப்பும் சுமார் 25,813 ஓமை ஒரு முழு எண்ணால் வகுத்த ஈவாக இருப்பதையும் கண்டார். அதே படிகள் வேறொரு வழியில் பிறப்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பெக்கார்ட் உப்புகள் எனப்படும் கரிமப் படிகங்களில், தட்டையான மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எலக்ட்ரான்கள் அடுக்கின் வழியே எளிதில் ஓடும்; பக்கத்து அடுக்குக்கு அரிதாகவே தாவும். இவற்றுள் ஹெக்சாபுளூரோபாஸ்பேட் உப்பு, சுமார் 12 கெல்வினில் மின்கடத்தாப் பொருளாகிவிடுகிறது. எலக்ட்ரான்களின் அடர்த்தி மாறுவதில்லை. அவற்றின் தற்சுழற்சி, அதாவது ஒவ்வொன்றையும் சிறு காந்தமாக்கும் ‘ஸ்பின்’ மட்டும் மேலும் கீழுமாக மாறி மாறி ஓர் அலையாக உறைந்து நிற்கிறது. இதுவே தற்சுழற்சி அடர்த்தி அலை. போதிய அழுத்தம் கொடுத்தால் இந்த அலை கலைந்து உலோகத்தன்மை திரும்புகிறது.

அந்த உலோகத்தின்மீது, அடுக்குகளின் தளத்துக்குச் செங்குத்தாகச் சில டெஸ்லா காந்தப்புலத்தைச் செலுத்தினால், கலைந்த அலை மீண்டும் எழுகிறது. இதை நான் எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு குறைவதில்லை. ஃபெர்மி பரப்பு, அதாவது எலக்ட்ரான்கள் நிரப்பியிருக்கும் உந்தங்களின் எல்லை, இங்கே மூடிய வளையமன்று, நெளிந்த இரு தகடுகள். எனவே எலக்ட்ரான் வட்டமிடாமல் அடுக்கின் வழியே நெளிந்து நெளிந்து செல்கிறது. புலம் வலுக்க வலுக்க அந்த நெளிவின் வீச்சு சுருங்கி, எலக்ட்ரான் ஒற்றை அடுக்கின் பாதையை ஒட்டியே ஓடத் தொடங்குகிறது. ஒருபரிமாண இயல்பு ஓங்குவதால் அலைக்கும் உயிர் வருகிறது. இயற்பியலாளர்கள் கோர்கோவும் லெபெடும் 1984-இல் இதை விளக்கினர்.

அலை ஃபெர்மி பரப்பின் இரு தகடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தப் பார்க்கிறது; ஆனால் அவை முழுமையாகப் பொருந்துவதில்லை. மிஞ்சும் சிறு துண்டுகளில் லாண்டாவ் மட்டங்கள், அதாவது காந்தப்புலத்தில் எலக்ட்ரான்களுக்குக் கிடைக்கும் தனித்தனி ஆற்றல் மட்டங்கள், உருவாகின்றன. எலக்ட்ரான்கள் நிரம்பும் உச்ச ஆற்றலான ஃபெர்மி மட்டம் எப்போதும் மட்டங்களுக்கிடையே உள்ள இடைவெளியில் விழுமாறு, புலம் மாற மாற அலை தன் அலைநீளத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. சிலிக்கானில் படி நீள்வதற்கு மாசுகளில் சிக்கிய எலக்ட்ரான் நிலைகள் துணைபுரிகின்றன. இங்கே அந்த வேலையை அலையே செய்கிறது. ஓர் எல்லைக்குமேல் திருத்த முடியாதபோது, அலை திடீரென, ஹால் மின்தடையை வகுக்கும் அடுத்த முழு எண்ணுக்குத் தாவுகிறது, ஹால் மின்தடையும் அடுத்த படியில் ஏறுகிறது. புலம் உயர உயர அந்த எண் 3, 2, 1 எனக் குறைந்து, இறுதியில் பூச்சியத்தை அடையும்போது படிகம் மின்கடத்தாப் பொருளாகிறது.